இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

உம்ம லேப்டாப் முதுகில் ஒட்டியிருக்கிறீரே, வெள்ளை வயிற்றுப் பறவை, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி வையும் தம்பி. அதைக் கண்டால் என் கை தானாக எழும்புகிறது. பயப்படாதீர், மாவுக்கட்டுப் போட்ட கை. இப்போதைக்கு இதனால் ஒரு ஈயைக்கூட அடிக்க முடியாது. முந்தாநாள் ஒன்றை அடித்தேன். ஈ செத்தது. அது உட்கார்ந்திருந்த கண்ணாடி டம்ளரும் செத்தது. அதை விடும்.

லினக்ஸ்தானே, விண்டோஸுக்குப் பதிலாக மெஷினை ஓட்டுகிற அந்தப் பென்குயின் சரக்கு? கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர். இந்தச் சாக்குப்பையில் என்ன இருக்கிறதென்று நினைத்தீர், தேங்காயா? லேப்டாப்தான். இதற்குள்ளும் அந்தப் பறவைதான் குடியிருக்கிறது. இதால் ஒரு மனுஷனுக்குக் காறை எலும்பு போயிற்று, எனக்குக் கை போயிற்று, ஓர் ஆட்டுரல் இரண்டாகப் பிளந்தது. மதுரையில் லினக்ஸ்காரர்கள் கூட்டம் போடுகிறார்களாமே, யார் மெஷினைக் கொண்டு போனாலும் சும்மாவே பார்த்துக் கொடுப்பார்களாமே, அங்கேதான் போகிறேன். நீரும் அங்கேதானா? அட! அப்போ கூட்டம் மணியாச்சியிலேயே, இந்த ரயிலுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது என்று வையும்.

பேர் ஆவுடையப்பன். ஊர் வீரவநல்லூர். ரைஸ்மில்லில் இன்ஜின் ஓட்டியவன். எங்கள் இன்ஜினுக்குக் கருப்பன் என்று பேர். விலாவில் சுத்தியலால் ஒன்று வாங்கினால்தான் மூச்சு விடுவான். முதலாளி வெளிநாட்டு மெக்கானிக்கையெல்லாம் கூட்டி வந்து காட்டினார். அவர்கள் தடவிக் கொடுத்தார்கள். கருப்பன் அசையவில்லை. நான் போய் ஒன்று வைத்தேன். புகை கிளம்பியது பாரும், பாபநாசம் மலை மறைந்துவிட்டது. ஒருநாள் அவன் பெல்ட் அறுந்து பறந்ததே, கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் வரிசையாக நின்ற பனைகளின் தலையைச் சீவிற்று. கடைசிப் பனையில் ஒருவன் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தான். கொண்டையோடு தரையில் வந்து இறங்கினான். கலயத்தில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சிரிக்கிறீர். அவன் பேரன் இப்போது சேரன்மகாதேவியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், போய்க் கேளும்.

எதுவானாலும் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் தம்பி. ரேடியோவுக்குத் தலையில், டி.வி.க்கு முதுகில், மிக்சிக்குக் கன்னத்தில். மனுஷனும் அப்படித்தான், மிருகமும் அப்படித்தான். மணிமுத்தாறுக்கு மேலே விறகெடுக்கப் போன இடத்தில் ஒரு கரடி எதிரே வந்து நின்றது. விட்டேன் ஓர் அறை. இன்றைக்கும் அந்தக் கரடி என்னைக் கண்டால் முன்னங்கையைத் தூக்கி மூஞ்சியை மறைத்துக்கொள்ளும். அவ்வளவு மரியாதை.

சரி, கதை அதுவல்ல. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் பேத்தி முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் எல்லாரும் எதை எதையோ பார்க்கிறார்கள், இதில் நான் ஆதிரையை மட்டும் பார்த்தால் போதும்.

மகள் வடிவு மஸ்கட்டில் இருக்கிறாள். இந்த லேப்டாப் அவள் பழைய மெஷின், எனக்கென்று கொடுத்துவிட்டாள். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினால் டிங் டிங் என்று கூப்பிடும். திறந்தால் பாப்பா நிற்பாள். “தாத்தா, மீசையக் காட்டு” என்பாள். நான் மீசையை முறுக்கிக் கேமராவில் கொண்டுபோய் ஒட்டுவேன். கெக்கெக்கே என்று அந்தச் சிரிப்பு சிரிப்பாள் பாரும். பல் முளைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

சித்திரையில் ஊருக்கு வந்தார்கள். என் வீட்டில் வைத்துத்தான் பாப்பாவுக்குக் காதுகுத்து. வந்த சனத்துக்கு மஸ்கட் வீட்டு வீடியோவைக் காட்டலாம் என்று நடுக்கூடத்தில் மெஷினைத் திறந்தேன். ஒரு வட்டம் வந்து சுற்றியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஒரு தட்டுத் தட்டினேன். லேசாகத்தான். அன்று சாயங்காலமே காரைப் பிடித்துத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்கள். லீவு குறைவு. என் வீட்டுக்காரி பிரமுவும் கூடவே ஏறினாள், வழியில் அம்பாசமுத்திரத்தில் தம்பி வீட்டில் இறங்கிக்கொண்டாள். காற்று மாற்றத்துக்கு. இன்னும் காற்று மாறி முடியவில்லை.

அதோடு மெஷின் மூச்சை நிறுத்திவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறது, கை கழுவிவிட்டு உட்காருகிறேன், டிங் இல்லை. நானே கூப்பிட்டேன். மணி போகிறது, போகிறது, தானாக நிற்கிறது. அடுத்த வாரமும் அப்படி. அன்றைக்கு வாங்கிய தட்டில் உள்ளே ஏதோ ஆடிப்போயிற்று, எனக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டு ஞானதிரவியத்தைக் கூப்பிட்டேன். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஊதினால் பறக்கிற உடம்பு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தை ஓடவிட்டு, கோயிலில் நிற்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மெஷினிலும் இந்தப் பறவைதான்.

திறந்து பார்த்தான். மூடினான். மூக்கைச் சொறிந்தான்.

“அண்ணாச்சி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. மணி போகுது. அங்கனதான் எடுக்கல.”

“எடுக்கலன்னா?”

“வேலையா இருப்பாக.”

“வாரா வாரமாவே?”

“அது… நீங்க ஒரு எட்டு உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாத்தா…”

சட்டையைப் பிடித்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. சுவரோடு கொஞ்சம் தூக்கினேன். கால் தரையில் படவில்லை போல. பொத்தான் ஒன்று தெறித்துப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை அணைத்தது.

“விண்டோஸ் அண்ணாச்சி!” என்றான். “ஆமா, இப்பத்தான் தெரியுது. பழைய மெஷினுக்கு அது பாரம். லினக்ஸ் போட்டுருவோம். லேசா ஓடும்.”

சட்டையை விட்டேன். பார்த்தீரா? ஒருவனிடமிருந்து உண்மையை வரவழைக்க ஒரு வழி இருக்கிறது.

பென்டிரைவில் பறவையைக் கொண்டுவந்து ஏற்றினான். நல்லாத்தான் இருந்தது. சீக்கிரம் திறந்தது, சத்தமில்லாமல் மூடியது. ஆனால் வை-ஃபை போயிற்று. இருந்த இடமே தெரியவில்லை. “இதுக்குத் தனியா ஒண்ணு எறக்கிப் போடணும் அண்ணாச்சி, அதுக்கு நெட்டு வேணும்” என்றான். நெட் வருவதற்கு நெட் வேண்டுமாம்! நான் மேஜையில் ஒரு குத்துக் குத்தினேன். மெஷின் ஒரு முழம் எம்பி உட்கார்ந்தது. எஸ்கேப் என்று ஒரு பட்டன் இருக்கும் பாரும், அது பறந்துபோய்க் கிணற்றில் விழுந்தது. ஞானம் ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக ஒரு வயரை இழுத்து வந்து சொருகினான். நெட் வந்தது. வடிவைக் கூப்பிட்டேன். மணி போனது. நின்றது.

“சவுண்டுக்கு ஒரு பாக்கேஜ் போடணும்” என்றான் மறு வாரம். போட்டான். மணி போனது. நின்றது. “கேமராவுக்கு ஒண்ணு இருக்கு” என்றான். போட்டான். நின்றது. வாரத்துக்கு ஒரு பாக்கேஜ் தம்பி, வாரத்துக்கு ஒரு சமாதானம். நான் வாரத்துக்கு ஓர் அறைதான் கொடுத்தேன், அதுவும் பிடரியில். அதற்குள் அவன் வீட்டுப் பூனை என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓட்டின்மேல் ஏறிவிடும்.

ஏ வெள்ளரிக்கா! இங்க வாலே. என்ன, முறைக்கே? வாடிப்போனதையெல்லாம் அடுக்கி வச்சிக்கிட்டு… போறான் பாரும், பொட்டியத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நான் என்ன சொல்லிவிட்டேன்? கேட்கத்தானே செய்தேன். சனங்களுக்கே இப்போது பொறுமை இல்லை.

எங்கே விட்டேன்? ஆங். அந்த வெள்ளிக்கிழமை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்விட்டேன். புஷ்பம், அவன் வீட்டுக்காரி, அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாப்பாவுக்கு அன்று பிறந்தநாள். இன்றைக்கு முகத்தைப் பார்க்காமல் எழும்ப மாட்டேன் என்றேன். ஞானம் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தான். சூடோ என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதினான். அந்த வார்த்தையை முன்னால் போட்டால் மெஷின் மறு பேச்சுப் பேசாமல் சொன்னதைக் கேட்குமாம்.

“உங்க பாஸ்வேர்டைப் போடுங்க அண்ணாச்சி.”

போட்டேன். திரையில் ஒன்றும் விழவில்லை. எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை. பட்டனை ஓங்கி ஓங்கி அழுத்தினேன். ஒன்றுமில்லை.

“எழுத்து வரலியேலே.”

“வராது அண்ணாச்சி. பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது. அடுத்தவன் பாத்துரக் கூடாதுல்லா. நீங்க பாட்டுக்குப் போடுங்க.”

என் பாஸ்வேர்டு, என் மெஷின், என் கண்ணுக்குத் தெரியாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டு முடித்தேன். ஒரு வரி வந்து விழுந்தது. இங்கிலீஷ். ஞானம் முகம் வெளுத்துவிட்டது.

“என்னலே போட்டிருக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி.”

“வாசி.”

“ஆவுடையப்பன் பேரு அனுமதிப் பட்டியல்ல இல்ல. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்… அப்படின்னு.”

எனக்குக் காது அடைத்துவிட்டது தம்பி.

“எந்தச் சம்பவம்?”

“அது சும்மா…”

“எந்தச் சம்பவம்லே? யாருக்குத் தெரிவிக்கும்?”

“அது எல்லா மெஷின்லயும் வாரதுதான் அண்ணாச்சி.”

“பல்லு விஷயமா?”

“எந்தப் பல்லு?” என்றான் அவன்.

அதை உமக்குச் சொல்லவில்லையோ? சொல்ல அதில் ஒன்றுமில்லை. காதுகுத்து அன்று மெஷினை ஒரு தட்டுத் தட்டினேன் என்றேனே, இரண்டாவது தட்டுக்குக் கை ஓங்கினபோது என் மாப்பிள்ளை, கோமதிநாயகம் என்று பேர், “மாமா, அதைப் போய் அடிக்காதீக” என்று குறுக்கே வந்து கையைப் பிடித்தான். சபையில் வைத்து என் கையைப் பிடிக்கிறான். கிளம்பின கை எங்கேயாவது இறங்கித்தானே ஆகவேண்டும்? அவன் வாயில் இறங்கியது. ஒரு தரம். இரண்டு தரம் என்று அவன் அக்காள் சொல்லுவாள், பிரமு எண்ணவே முடியவில்லை என்பாள். பொம்பளைகள் கணக்கு. முன்பல் ஒன்று இலையில் வைத்த பாயசத்தில் போய் விழுந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லாகத்தான் இருக்கும். பாப்பா அவன் இடுப்பில் இருந்தாள். புதுப் பட்டுப்பாவாடை முழுக்க அவன் ரத்தம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. என் விரல் அந்தப் பக்கமாகப் போனபோது புதுக் கம்மல் கொஞ்சம் இழுபட்டுவிட்டது, அவ்வளவுதான். காது என்றால் ஆறிவிடும். வடிவு என்னைப் பார்த்து என்னவோ கத்தினாள். மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் விழவில்லை. மேளம் அப்போது நின்றுவிட்டது என்று பிரமு சொல்வாள். அவளுக்கு எப்போதுமே காது சரியில்லை.

இதைப் போய் ஒரு மெஷின் தெரிவிக்கும் என்றால் என்ன அர்த்தம்? அதற்கு யார் சொன்னது? பெட்டிக்குள் ஆளை வைத்திருக்கிறார்களா?

“யாருலே பட்டியல் போட்டது? என் மெஷின்ல என் பேரை யாரு எடுத்தது?”

ஞானம் அப்போதுதான் உண்மையைச் சொன்னான். “அண்ணாச்சி, கோவப்படாதீக. பெரிய அதிகாரம் என் பேர்ல இருக்கு, அவசரத்துல அத மறந்துட்டு உங்களப் போடச் சொல்லிட்டேன். உங்களுக்குச் சும்மா பாக்கவும் பேசவும் மட்டும் வச்சிருக்கேன். நீங்க எதையாச்சும் உடைச்சிருவீகன்னுதான்…”

கேட்டீரா? நான் உடைத்துவிடுவேனாம்!

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எனக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது. முதல் அடியில் அவன் மூக்குக்கண்ணாடி போயிற்று. இரண்டாவதில் மூக்கு. அவன் திருப்பி அடித்திருக்கலாம், ஓடியிருக்கலாம். அந்தக் கோட்டிப்பயல் என்ன செய்தான் தெரியுமா, மெஷினை மடித்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு குனிந்துவிட்டான். பச்சைப் பிள்ளையைக் கட்டிப்பிடிப்பது போல. “மெஷின் வேண்டாம் அண்ணாச்சி, பாப்பா போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு” என்கிறான். ஆகவே மெஷினுக்குப் போக வேண்டியதெல்லாம் அவன் முதுகுக்குப் போயிற்று. பக்கத்தில் கிடந்த முக்காலியை எடுத்தேன். தோளில் வைத்தேன் ஒன்று. உலர்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது காறை எலும்பு.

புஷ்பம் வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால், வடித்த கஞ்சிப் பானையோடு வந்தாள். கொதிக்கக் கொதிக்க. “வீடு தேடி வந்து அடிக்கவால ஒன்ன வளத்தாக?” என்று அப்படியே சாய்த்தாள். இந்தா பாரும், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும். தோல் வாழைச்சருகு மாதிரி உரிந்தது. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே போயிருப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குத்து விட்டேன். யாருக்கு என்று எனக்கே தெரியாது. ஆட்டுரல் குறுக்கே வந்துவிட்டது. கல் இரண்டாகப் பிளந்தது தம்பி. அம்பாசமுத்திரத்தில் பாத்திரமெல்லாம் குலுங்கி, மலையில் வெடி வைக்கிறார்கள் என்று சனம் தெருவுக்கு ஓடிவந்ததாம். பிரமு மட்டும் வெளியே வரவில்லையாம். யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப்போட்ட கையோடு ஞானத்தைப் பார்க்க வாழைப்பழச் சீப்பு வாங்கிக்கொண்டு போனேன். நான் அப்படிப்பட்டவன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். வார்டு வாசலில் புஷ்பம் இரும்புத் தூக்குவாளியை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே கட்டிலில் இருந்து அவன் குரல் மட்டும் வருகிறது.

“அண்ணாச்சி, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. எங்க வீட்லயும் இனிமே உங்க போன் வந்தா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. அங்கயும் அதான் அண்ணாச்சி.”

காய்ச்சல் வேகம். பாவம், தலையிலும் ஓர் அடி பட்டிருந்தது.

அதனால்தான் மதுரைக்கு. அந்தப் பெரிய அதிகாரத்தை என் பேருக்கு மாற்றி வாங்கிவிட்டால் போதும். அப்புறம் நான் சொன்னால் மெஷின் கேட்கும். மெஷின் கேட்டால் வடிவு வருவாள்.

என்ன, நீரே பார்க்கிறீரா? பாரும், பாரும். சாக்கை உருவிவிட்டு மடியில் வையும். அந்த மூலையில் இருக்கிற கறை ஞானத்தினுடையது, பயப்படாதீர், காய்ந்துவிட்டது. உம்ம போனிலிருந்து நெட் கொடுக்கிறீரா? கொடும். ஓ, கேமராவில் என் மூஞ்சி தெரிகிறதே! சத்தமும் வருகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறீர். ஞானமும் இதைத்தான் சொன்னான். சரியாக இருந்தால் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாள்? சொல்லும். ஏன் மெஷினைத் திருப்பிக் கொடுக்கிறீர்?

ஒன்று செய்யும். உம்ம மெஷினில் போடும். இன்று வெள்ளிக்கிழமைதானே. நம்பர் எனக்கு மனப்பாடம். போடும் தம்பி. பெரிய மனுஷன் கேட்கிறேன்.

மணி போகிறது. இப்படித்தான். இனி நின்றுவிடும் பாரும். பாரும், இப்போது நிற்கும்…

எடுத்துவிட்டார்கள்! புது நம்பர் என்றால் லைன் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது போல. ஐயோ, பாப்பா! பாப்பாவேதான் எடுத்திருக்கிறாள்! வளர்ந்துவிட்டாளே. ஏளா, ஆதிரை! தாத்தாளா! தெரியுதா? இந்தா, மீசை, மீசையைப் பாரு! இந்தா…

என்ன ஆயிற்று? ஏன் இருட்டாகிவிட்டது?

நீரும் பார்த்தீர் இல்லையா? நல்லாத்தான் சிரித்துக்கொண்டு எடுத்தாள். என்னைக் கண்டதும் இப்படிக் கையைத் தூக்கி மூஞ்சியை மறைத்துக்கொண்டாள். காதையும் சேர்த்துப் பொத்தினாள். உள்ளே வடிவு, “யாரும்மா?” என்று கேட்டாள், எனக்குக் கேட்டது. அப்புறம் போய்விட்டது.

வெளிச்சம். வேறொன்றுமில்லை. சன்னல் வெயில் என் பின்னால் இருந்து போய்ப் பிள்ளை கண்ணில் அடித்திருக்கிறது. உம்ம மெஷினிலும் அதே கோளாறுதான் தம்பி. எல்லாம் ஒரே பறவைதானே.

இன்னொரு தரம் போடும். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் போடும். மணி போகவே இல்லையா? இப்போதுதானே போயிற்று! ஒரு நிமிஷத்துக்குள் எப்படிப் போகாமல் இருக்கும்? இங்கே கொண்டாரும். இறுக்கிப் பிடிக்காதீர், கொண்டாரும் என்கிறேன். ஒரே ஒரு தட்டு. இடதுகைதான், லேசாகத்தான்.

அட, நான் மெஷினுக்குத்தானே கை ஓங்கினேன். நீர் எதற்குய்யா கையைத் தூக்கி மூஞ்சியை மறைக்கிறீர்? உம்ம கண்ணில் எந்த வெளிச்சம் அடித்தது?